எண்ணெய் படக்கூடாத முகங்கள்

கொரோனாக் காலத்தில் ஸ்கந்தபுரம் சந்தியில் முகக்கவசம் இல்லாமல் பொலிசாரிடம் பிடிபட்ட முதல் ஆள் சிற்றம்பலம்தான். வீட்டுச் சுவரில் முப்பதுக்கும் மேற்பட்ட மாஸ்க்குகளைத் தொங்கவிட்டிருக்கிற மனிதர், சந்திக்கு ஒன்றும் போடாமல் சைக்கிளில் வந்து இறங்கினார். ஊர் அந்தக் கதையை இன்றைக்கும் விடவில்லை. தேத்தண்ணிக் கடையில் சிரிக்க ஒன்றும் அகப்படாத நாளில் அதைத்தான் எடுப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

அவரிடம் இருந்தவை பொலிசார் கேட்ட வகை அல்ல. போர் விமானம் ஓட்டுகிறவர்கள் உயரத்தில் மூச்சு விடுவதற்காக மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்கிற பழைய இறப்பர் மாஸ்க்குகள் அவை. சிலவற்றில் யானைத் தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பாகக் குழாய் தொங்கும். அவற்றோடு வால்வுகள், காற்றின் அளவு காட்டுகிற மானிகள், கைக்குழந்தை அளவில் சின்னச் சின்ன ஒட்சிசன் போத்தல்கள். வன்னியில் ஒருவன் தபால் முத்திரை சேர்த்தாலே நாலு பேர் வந்து ஏன் என்று கேட்பார்கள். இவர் சேர்த்ததோ இது. வேலியால் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். இரண்டு முறை சாதாரண உடுப்பில் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். இரண்டாம் முறை வந்தவர்களில் ஒருவன் ஒரு மாஸ்க்கை எடுத்துத் தன் முகத்தில் பிடிக்க, மற்றவன் போனில் படம் எடுத்தான். பிறகு பால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

சிற்றம்பலம் பரந்தன் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் காஸ் வெட்டுகிறவர். ஒட்சிசனையும் அசற்றலீனையும் சேர்த்து எரித்து, அந்த நெருப்பால் இரும்பை அறுக்கிற வேலை. கடைக்காரன் விஜிதரன் அவருக்கு மகன் வயது. போர் முடிந்து ஊர் திரும்பிய புதிதில் வன்னியின் இரும்பெல்லாம் அந்தக் கடை வாசலில்தான் வந்து குவிந்தது. அப்படி ஒருநாள் பூநகரிப் பக்கமிருந்து வந்த யூரியாப் பை ஒன்றின் அடியில் முதல் மாஸ்க் கிடந்தது. இறப்பரை வெட்டி எறிந்துவிட்டு உலோகக் கொளுவிகளை மட்டும் எடுக்கும்படி விஜிதரன் சொன்னான். சிற்றம்பலம் கத்தியை எடுத்தார். வெட்ட மனம் வரவில்லை. கையில் இருந்தது ஒரு முகம்.

அதுவரை வானத்தில் வந்து குண்டு போட்ட விமானத்தைக் கிபிர் என்றுதான் எல்லோரும் சொன்னோம். கிபிர் வருது, கிபிர் சுத்துது, கிபிர் போட்டிட்டுது. உள்ளே ஒரு மனிதன் இருந்தான் என்ற நினைப்பே எவருக்கும் வந்ததில்லை. பங்கர்க் குழிக்குள் முகம் குப்புறக் கிடந்து மூச்சு முட்டியபோது, மேலேயும் ஒருவன் இரவல் காற்றில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான் என்பது சிற்றம்பலத்துக்கு அன்றுதான் தெரிந்தது. ஏன் இதெல்லாம் சேர்க்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லுவார். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான்.

மிச்சப் பாதியை அவர் தனக்கே சரியாகச் சொன்னதில்லை. சுகிர்தன் அவருக்கு ஒரே மகன், கலியாணம் முடித்துப் பத்து வருடம் தவமிருந்து பெற்ற பிள்ளை; வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். போரின் கடைசி மாதங்களில் கடற்கரையோரம் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். நெஞ்சில் ஷெல் துண்டு பட்ட பிள்ளையை அங்கே பாயில் கிடத்தி, தாயைப் பக்கத்தில் இருத்திவிட்டு, சிற்றம்பலம் கஞ்சி வரிசைக்குப் போனார். வாளியோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒட்சிசன் மாஸ்க் காணாது, எல்லாருக்கும் போதாது என்று சொன்னார்கள் என்றார் அவர் மனைவி அருந்ததி. அதற்கு மேல் சிற்றம்பலம் கேட்கவில்லை. கேட்டு என்ன, பிள்ளை எழும்பி வரப்போகிறானா?

மாஸ்க் கிடைக்காமல் செத்த பிள்ளையின் தகப்பன் சுவர் நிறைய மாஸ்க் சேர்த்தார். அப்போது எனக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். சில மனிதர்களுக்குக் கண் கெட்ட பிறகுதான் சூரியன் எந்தப் பக்கம் என்று தேடவே தோன்றும்.

அதற்காக அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் வவுனியாவில் விட்டுப் போன துணி மாஸ்க் ஒன்று, ஒரு வீட்டில் கோழி அடை வைக்கிற பெட்டிக்குள் கிடந்தது. பேட்டுக்கோழியை விரட்டிவிட்டு அதை எடுத்து வந்தார். தர்மபுரம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கிய ஒட்சிசன் போத்தலுக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்றை வெட்டிக் கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தார். அனுராதபுரத்தில், விமானப்படை வேலைத்தளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள மனிதர் இருந்தார். அவர் பஸ்ஸில் வந்து இரண்டு மாஸ்க் கொடுத்துவிட்டு மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்கிக்கொண்டு போவார். இவருக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. வால்வு, ஹோஸ், ஸ்ட்ராப் என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் பின்னேரம் முழுக்கக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

கொண்டு வந்ததைக் குழந்தைச் சவுக்காரத்தால் கழுவி, நிழலில் உலர்த்தி, முகப்பவுடர் தூவி, சப்பளிந்து போகாமல் உள்ளே பழந்துணி அடைத்து ஆணியில் மாட்டுவார். எண்ணெய்க் கை மட்டும் அதில் படக்கூடாது. எண்ணெய் பட்டால் இறப்பர் பொங்கிப் பிசுபிசுத்துவிடும் என்பது ஒன்று. ஒட்சிசன் இருக்கிற இடத்தில் எண்ணெய் இருந்தால் சின்னப் பொறியே போதும், குபீரென்று பற்றும் என்பது மற்றது. காஸ் வெட்டுகிறவனுக்கு முதல் நாள் படிப்பிக்கிற பாடமே அதுதான். தலைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் வைக்காமல் விடியாத வீட்டில் இருந்துகொண்டு, அந்த மனிதர் அருந்ததிக்கு அதையே ஓதினார்.

அருந்ததி ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தச் சுவரைத் தொட்டதும் இல்லை. கூட்டும்போதுகூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் கூட்டுவார். ஊத்தைச் சாமானில் மனிசிக்கு அருவருப்பு என்று சிற்றம்பலம் நினைத்தார். சில புருசன்மார் நாற்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டு மனைவியைப் பற்றி இப்படித்தான் ஒரு வசனத்தில் முடித்து வைத்திருப்பார்கள்.

போன வருடம் அருந்ததிக்கு மூச்சிளைப்புத் தொடங்கியது. முதலில் கிணற்றடிக்குப் போய் வர இளைத்தது. பிறகு அரிசி களைய இளைத்தது. பிறகு இளைக்க ஒரு காரணமும் தேவைப்படவில்லை. சுவாசப்பை இறுகிப்போய்விட்டது, இனி அது இளகாது, ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தலாம் என்று டொக்டர் சொன்னார். கிளிநொச்சியில் ஒரு சங்கத்தார் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்றை இரவல் கொடுத்தார்கள். மூக்குக்குள் வைக்கிற குழாய் புண்ணாக்கி இரத்தம் வந்ததால் முகத்தில் போடுகிற பிளாஸ்ரிக் மாஸ்க் கொடுத்தார்கள். மெஷினைக் கொளுவ வசதியான பிளக் வீட்டில் ஒரே ஒரு அறையில்தான் இருந்தது. ஆகவே அருந்ததியின் கட்டிலை அங்கே போட்டார்கள். எதிரே சுவர் முழுக்க அந்த முகங்கள்.

முதல் நாளே சிற்றம்பலம் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார். அருந்ததியின் முகம் தேங்காய் எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் வைச்சிருக்கிறன். போடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

தவளை தன் வாயால் கெடும் என்பது இதைத்தான். மறுநாள் எண்ணெய்ப் போத்தலை ஒளித்தார். அருந்ததி சாமி விளக்கிலிருந்து தொட்டுப் பூசியிருந்தார். விளக்கை அலுமாரிக்கு மேலே ஏற்றினார். அன்றைக்கு அருந்ததி கத்தரிக்காய்ப் பொரியல் சாப்பிட்ட கையால் முகத்தைத் தடவிவிட்டு, சுவரைப் பார்த்தபடி கிடந்தார். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மாஸ்க்கைக் கிட்டக் கொண்டுபோனால் முகத்தை மறுபக்கம் திருப்புவார். சண்டை பிடிக்க அவருக்கு மூச்சில்லை, இவருக்குப் பெலனில்லை. மெஷின் மட்டும் ஒருவருக்கும் இல்லாமல் மூலையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

சிற்றம்பலம் வேலைக்குப் போகாமல் விட்டார். கஞ்சி வைத்தார், உடுப்புத் தோய்த்தார், ஒரு நாளில் எத்தனையோ முறை அந்த மாஸ்க்கோடு கட்டிலடிக்குப் போய்த் திரும்பினார். ஆவணி வெயிலில் கூரைத் தகரம் காய்ந்தது. களைத்துப்போனார் மனிதர். நடக்கிற களைப்பு அல்ல, நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாத களைப்பு.

வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி நேசமலர் கிழமைக்கு ஒருமுறை அருந்ததியின் விரலில் ஒட்சிசன் அளக்கிற ஒரு கிளிப்பை மாட்டிப் பார்ப்பா. அதில் வருகிற இலக்கம் ஒவ்வொரு கிழமையும் இறங்கியது. கடைசியாக வந்த அன்று சிற்றம்பலத்தை வாசல் படலையடிக்குக் கூட்டிப்போனா.

"ஐயா, இதைப் போடாட்டில் அம்மா இந்த முறை மாரி மழையைக் காணமாட்டா. போட்டால் இன்னும் கொஞ்சக் காலம் உங்களோடை இருப்பா. அவ்வளவுதான் நான் சொல்லுவன்."

சைக்கிளில் ஏறியவ, காலை ஊன்றி நின்று இன்னொன்றும் சொன்னா. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் தனக்கும் மாஸ்க் போட மனம் வராதாம்.

அது சிற்றம்பலத்தின் நெஞ்சில் தைத்தது. உள்ளே வந்து, கட்டிலில் அருந்ததி கிடக்கிற உயரத்துக்குக் குனிந்து நின்று சுவரைப் பார்த்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல், வாய்க்குள் பழந்துணியோடு, முப்பது சொச்சம் முகம் அவரைப் பார்த்தது. இவ்வளவு நாளும் இது தோன்றவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். குண்டு போட்டவன் போட்டிருந்த சாமானைச் சுவரில் மாட்டிவிட்டு, அதைப்போலவே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மூக்கில் வை என்றால் எந்த மனிசி வைப்பாள்?

அடுத்த நாள் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோழிப்பெட்டி மாஸ்க், அனுராதபுரத்து மாஸ்க்குகள், பள்ளிக்கூட மணி, எல்லாவற்றையும் யூரியாப் பைகளில் போட்டுக் கட்டினார். பூநகரியிலிருந்து வந்த முதல் மாஸ்க்கைக் கடைசியாக எடுத்தார். அதை ஒளித்து வைக்க ஒரு ஆசை வந்தது. வேண்டாம் என்று அதையும் பைக்குள் போட்டார். விஜிதரன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பெட்டி கொளுவிக்கொண்டு வந்து நின்றான். இதை எல்லாம் என்ன செய்ய என்று அவன் கேட்டதற்கு, வெட்டு, எரி, கொண்டுபோய் அனுராதபுரத்தானிடம் கொடு, எனக்குச் சொல்லாதே என்றுவிட்டார். லான்ட்மாஸ்டர் வாய்க்கால் கரை தாண்டும்வரை பார்த்து நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திரும்பி அறைக்கு வந்தார். சுவரில் வெறும் ஆணிகளும், மாஸ்க் இருந்த இடங்களில் பவுடர் பட்ட வெள்ளை அடையாளங்களும் மட்டும் இருந்தன. அருந்ததி அவற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தார். முகம் எண்ணெயில் மினுங்கியது. எங்கிருந்து எடுத்தாரோ தெரியாது.

ஏன் கழற்றினீர்கள் என்று அருந்ததி கேட்டார். உமக்குப் பயமாக இருந்திருக்கும் என்றார் சிற்றம்பலம். தனக்கு ஒரு பயமும் இல்லை என்று அருந்ததி சொன்னார். சிற்றம்பலம் கட்டிலோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்ரிக் மாஸ்க்கை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தது அருந்ததிக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். அவருடைய பிடரியைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பிக்கு மாஸ்க் இருந்தது. நான்தான் கழட்டினனான்."

பிறகு நின்று நின்று, மூச்செடுத்து எடுத்துச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூட அறைக்கு ஒரு போத்தலும் ஒரு மாஸ்க்கும்தான் இருந்ததாம். அது சுகிர்தனின் முகத்தில் இருந்தது. பக்கத்துப் பாயில் ஒரு சின்னப் பெண்பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தினார்கள், நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. காயம் பார்க்கிற பெடியன் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தான். இவன் பொழுதுபடும்வரை தாங்கமாட்டான், அவளுக்குக் கொடுத்தால் தப்பலாம் என்று மெல்லச் சொன்னான். சொல்லிவிட்டு மாஸ்க்கில் கை வைக்க அவனால் முடியவில்லை. அழுதுகொண்டு நின்றான். அந்தப் பிள்ளையின் தாய் ஒன்றும் கேட்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அருந்ததி தன் கையாலேயே கழற்றி, சீலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.

"கழட்டேக்கை அவன் என்னைப் பாத்தவன்."

சிற்றம்பலத்துக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபம். அது வந்த வேகத்திலேயே இறங்கியது. முதல் மாஸ்க்கை மாட்டவென்று ஆணி அடித்த அன்று, ஆணி நேராக இருக்கிறதா பாரும் என்று அருந்ததியைத்தான் கூப்பிட்டுக் கேட்டது நினைவில் வந்தது. அருந்ததி வந்து பார்த்து, நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அன்று தொட்டு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இந்த வீட்டைக் கூட்டியிருக்கிறார்.

"நான் நிண்டிருந்தால் கழட்ட விட்டிருக்கமாட்டன்" என்றார்.

"ஓம். அதுதான் சொல்லேல்லை."

அந்தப் பிள்ளை தப்பியதா என்று கேட்டார். தெரியாது என்றார் அருந்ததி. திரும்பிப் பார்க்கவில்லையாம். தப்பாவிட்டால் தான் பிறகு என்ன செய்வது என்ற பயத்தில் பார்க்கவில்லையாம். பிள்ளைக்குக் கழற்றியதைத் தன் முகத்தில் எப்படிப் போடுவது என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கேள்வி என்றுகூட அதைச் சொல்ல முடியாது. இவ்வளவு நாளும் எண்ணெயைப் பூசிப் பூசிச் சொல்லிவந்த பதில் அது.

நீர் செய்தது சரி என்று சொல்லச் சிற்றம்பலத்துக்கு வாய் வரவில்லை, பிழை என்று சொல்லவும் வரவில்லை. மடியில் கிடந்த மாஸ்க்கின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், திரும்பிப் பாராமலே சொன்னார்.

"அவன் போகேக்கை நான் கஞ்சிக்கு நிண்டனான். மாஸ்க் இல்லாமல் போறதை நான் காணேல்லை. நீர் இப்ப என்னைப் பக்கத்திலை இருத்தி வைச்சுக் காட்டப் பாக்கிறீர். என்னாலை ஏலாது அருந்ததி. நான் களைச்சுப் போனன்."

வெளியே வாய்க்காலில் யாரோ மாடு கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு அருந்ததியின் கை வந்து அவருடைய பிடரியில் பட்டது. எண்ணெய்க் கை. இவ்வளவு காலமும் அந்தக் கைக்குத்தான் அவர் அத்தனை பாடம் எடுத்தவர்.

"சவுக்காரம் எடுத்துத் தாங்கோ" என்றார் அருந்ததி.

பேசின் ஒன்றில் தண்ணீரும், மாஸ்க் கழுவ வாங்கி வைத்திருந்த குழந்தைச் சவுக்காரமும் கொண்டுவந்தார். கழுவிவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார் அருந்ததி. தானே நெற்றி, கன்னம், நாடி எல்லாம் நுரை போட்டுக் கழுவினார். இடையில் இரண்டு தரம் இளைத்து நிறுத்தினார். துவாயால் ஒற்றி எடுத்த பிறகு அந்த முகம் காய்ந்து, சுருங்கி, எண்ணெய் இல்லாமல் வேறு ஒருவருடைய முகம்போல இருந்தது.

சிற்றம்பலம் மாஸ்க்கை மூக்குத் தண்டில் வைத்து, நாடிக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்து, வாரைக் காதுக்கு மேலால் எடுத்து இறுக்கினார். அந்த வேலை அவர் கைக்கு நன்றாகத் தெரியும். எத்தனை முகத்துக்கு வார் சரிசெய்திருக்கிறார்! இந்த முகம் மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிளாஸ்ரிக்கின் உள்ளே மூச்சு ஆவியாகப் படிந்து மறைந்தது, திரும்பவும் படிந்தது.

அருந்ததி கையை உயர்த்தி மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். கழற்றப்போகிறார் என்று சிற்றம்பலம் பதறிவிட்டார்.

"கழட்ட வேண்டின நாள் வந்தால், நீங்கள் கழட்டாதேங்கோ. நேசமலரைக் கூப்பிடுங்கோ. ஆரையும் கூப்பிடுங்கோ. நீங்கள் மட்டும் வேண்டாம்."

"ஓம்" என்றார் சிற்றம்பலம்.

அருந்ததி மாஸ்க்கைத் தானே திரும்ப வைத்துக்கொண்டார். அவர் நித்திரையாகும்வரை சிற்றம்பலம் நிலத்திலேயே இருந்தார். பிறகு எழும்பி, அலுமாரிக்கு மேலே ஏற்றியிருந்த சாமி விளக்கை இறக்கிப் பழைய இடத்தில் வைத்து, ஒளித்து வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தார்.